டெபியன் வாசலில் காத்திருந்த பொதிகள்

முன்பெல்லாம் டெபியன் லினக்ஸில் வெளியீடு நெருங்கியதும் 'அன்ஸ்டேபிள்' கிளையின் நகலை உறைய வைத்து, மாதக்கணக்கில் வழு களைவார்கள். 2000 டிசம்பரில் ஆன்டனி டவுன்ஸ் 'டெஸ்டிங்' என்ற இடைக்கிளையைக் கொண்டுவந்தார். அதன் வாயிற்காவலன் 'பிரிட்னி' என்ற நிரல். (பாடகி நினைவுக்கு வந்தால் தப்பில்லை!)

சில நாள் காத்திருப்பு, புதிதாகப் பெரிய வழு இல்லாமை... இவை எளிது. சிக்கல் சார்புகளில்தான். புதிய சி லைப்ரரியை நம்பிக் கட்டப்பட்ட குட்டி நிரல், தன்மேல் குறையே இல்லாவிட்டாலும், அந்த லைப்ரரி உள்ளே போகும்வரை வெளியேதான். லைப்ரரியின் பெயரே மாறினால் இன்னும் மோசம். சார்ந்தவை எல்லாம் மறுபடி கட்டப்பட்டு ஒரே கூட்டமாக நுழைய வேண்டும்.

2024-இல், 2038ஆம் ஆண்டுச் சிக்கலைத் தவிர்க்க, பெரும்பாலான 32 பிட் கட்டமைப்புகளில் நேரத்தை 64 பிட்டாக்கியபோது நடந்தது இதுதான். டெஸ்டிங் பயனருக்கு வரும் பாதுகாப்புத் திருத்தங்களும் பெரும்பாலும் இதே வரிசையில்தான் நிற்கின்றன.