குறுந்தகட்டில் வந்த கப்பல் பள்ளி

அமெரிக்கக் கடற்படையில் போர்க்கப்பல் ஓட்டக் கற்ற அதிகாரிகள் பலர் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட் நகரில் படித்தவர்கள். 1961இல் நாசகாரிக் கப்பல் பள்ளியாகத் தொடங்கி, 1970களில் கடற்பரப்புப் போர் அதிகாரிகள் பள்ளி என்று பெயர் மாறிய இடம் அது. புதிதாகப் பொறுப்பேற்கும் இளம் அதிகாரி அங்கே சில மாதங்கள் தங்கி, அனுபவப்பட்ட ஆசிரியர்களிடம் கப்பல் நடத்தும் வித்தையைக் கற்ற பிறகே கடலுக்குப் போவார்.

2003இல் அந்த அடிப்படைப் பாடத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு கட்டு குறுந்தகடுகள். இளம் அதிகாரி நேரே கப்பலில் ஏற வேண்டும். ஓய்வு கிடைக்கும்போது கணினியில் தகட்டைப் போட்டுத் தானாகப் படித்துக்கொள்ள வேண்டும். செய்முறையை மூத்தவர்கள் கப்பலிலேயே சொல்லித் தருவார்கள். ஆண்டுக்குச் சுமார் 1.5 கோடி டாலர் மிச்சமாகும், அதிகாரிகளும் விரைவில் வேலைக்கு வந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். இந்த ஏற்பாட்டுக்கு மாலுமிகள் வைத்த பெயர் 'பெட்டிக்குள் பள்ளி'.

கணக்கில் விட்டுப்போனது நேரம். கப்பலேறிய கையோடு இளம் அதிகாரியின் தலையில் ஒரு பிரிவு மாலுமிகளின் பொறுப்பு விழுகிறது. பகலில் பழுதுபார்ப்பும் படிவங்களும், இரவில் வாட்ச் எனும் காவல்முறைப் பணி. இடையில் கிடைக்கும் நேரத்தில் அவர் தூங்குவாரா, தகட்டைத் திறப்பாரா? மூத்தவர்களுக்கும் இதே நெருக்கடிதான். திரையில் ஓடும் பாடத்தை நிறுத்திக் கேள்வி கேட்கவும் வழியில்லை. எதிரே வரும் கப்பலின் விளக்குகளைப் பார்த்து அது எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று ஊகிப்பது, பக்கத்தில் ஒருவர் நின்று திருத்தத் திருத்தத்தான் கைவரும்.

எச்சரிக்கை வராமல் இல்லை. ஓய்வுபெற்ற வைஸ் அட்மிரல் பிலிப் பாலிஸில் தலைமையிலான குழு 2010இல் அளித்த அறிக்கை, கடற்பரப்புப் படையின் தயார்நிலை சரிந்துவருவதை விரிவாக எடுத்துரைத்தது. ஆசிரியரின் இடத்தில் கணினியை வைத்ததையும் குறை சொன்னது. 2012இல் சில வார வகுப்பு ஒன்று திரும்ப வந்தது. இழந்ததை ஈடுகட்ட அது போதவில்லை.

2017 ஜூன் 17 அன்று ஜப்பான் கடலோரத்தில் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற நாசகாரி ஒரு சரக்குக் கப்பலுடன் மோதியது. ஏழு மாலுமிகள் இறந்தனர். ஆகஸ்ட் 21 விடிவதற்குள், சிங்கப்பூரை நெருங்கிக்கொண்டிருந்த ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற இன்னொரு நாசகாரி ஓர் எண்ணெய்க் கப்பலின் குறுக்கே போய்ச் சிக்கியது. பத்துப் பேர் இறந்தனர்.

மெக்கெய்னில் நடந்ததை நின்று பார்க்க வேண்டும். அதன் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் மேடையில், சுக்கானையும் வேகத்தையும் கட்டுப்படுத்தும் மேசைகளில் தொடுதிரைகள் இருந்தன. சுக்கான் பிடித்தவர் திணறுவதைக் கண்ட கேப்டன், வேகக் கட்டுப்பாட்டை மட்டும் பக்கத்து மேசைக்கு மாற்றச் சொன்னார். மாற்றும்போது சுக்கானும் சேர்ந்து போய்விட்டது. அது வேலை செய்யவில்லை என்றே எல்லோரும் நினைத்தார்கள். வேகத்தைக் குறைக்க உத்தரவு வந்தபோது இரண்டு உந்திகளில் ஒன்று மட்டுமே குறைந்தது; கப்பல் இடப்பக்கம் திரும்பியது. மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. அன்று பணியில் இருந்தவர்களில் சிலர் வேறொரு கப்பலிலிருந்து தற்காலிகமாக வந்தவர்கள். அந்தக் கப்பலின் சுக்கான் கருவி வேறு மாதிரி. கட்டுப்பாட்டை ஒரு மேசையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் முறை, பயிற்சிக்குப் பொறுப்பான மூத்தவருக்கே சரியாகப் புரிந்திருக்கவில்லை என்று கடற்படையின் விசாரணை கண்டது.

இந்த 17 சாவுகளையும் குறுந்தகட்டின் மேல் மட்டும் சுமத்த முடியாது. ஆள் பற்றாக்குறை, தூக்கமின்மை, ஓய்வில்லாத பயணங்கள் எல்லாமே காரணம். ஆனால் அடுத்த ஆண்டு தொடக்கத்தில் கடற்படையே நடத்திய சோதனை மறுக்க முடியாதது. முதல் பணிக்காலத்தில் இருந்த 164 வாட்ச் அதிகாரிகளைச் சிமுலேட்டரில் நிறுத்திப் பார்த்தார்கள். குறை இல்லாமல் தேறியவர்கள் 27 பேர். 108 பேரிடம் சில குறைகள். 29 பேரிடம் கடுமையான குறைகள்.

குறையைக் காட்டிய சிமுலேட்டரும் கணினிதான் என்பதை மறந்துவிடக் கூடாது. சிமுலேட்டர் பயிற்சியில் கணினியோடு ஓர் ஆசிரியர் நிற்பார், தவறைச் சுட்டிக்காட்டுவார், திரும்பச் செய்ய நேரமும் கொடுப்பார். ஆகவே குறை தொழில்நுட்பத்தில் இல்லை. ஆசிரியரின் சம்பளத்தையும் மாணவரின் நேரத்தையும் மிச்சம்பிடிக்க அதைப் பயன்படுத்தியதில் இருந்தது.

2019இல் மெக்கெய்ன் பற்றிய தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை வந்தது. அதே ஆண்டு, நாசகாரிகளின் தொடுதிரை வேகக் கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டுக் கையால் தள்ளும் நெம்புகோல்களைப் பொருத்தப்போவதாகக் கடற்படை அறிவித்தது. சான் டியேகோவிலும் நார்ஃபோக்கிலும் இளம் அதிகாரிகள் இப்போது சிமுலேட்டர் முன் ஆசிரியரோடு பல வாரங்கள் செலவிடுகிறார்கள். 2003லேயே இந்தச் செலவைச் செய்திருக்க வேண்டும்.