இரண்டு பஞ்சாங்கங்கள்

பழனி மலையின் 693 படிகளையும் ஏறி, தண்டாயுதபாணியைத் தரிசித்துவிட்டு வெளியே வந்து தெற்கே பார்த்தால், ஒரு நீண்ட மலைத்தொடர் நீல நிறத்தில் தெரியும். அதன் பெயரும் பழனி மலைதான். அதன் உச்சியில், கோடைக்கானலில், சூரியனை ஆராய்வதற்கென்றே ஒரு வானாராய்ச்சிக் கூடம் இருக்கிறது. கீழே காவடி, மேலே தொலைநோக்கி. இந்த இரண்டுக்கும் என்ன உறவு, என்ன பகை என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு என் பெரியப்பாவின் ஞாபகம்தான் வருகிறது.

என் தாத்தா காலமாகிச் சில வருஷங்களுக்குப் பிறகு, அவருடைய திதி எந்த நாள் என்று எங்கள் வீட்டில் ஒரு சண்டை வந்தது. பெரியப்பா வாக்கியப் பஞ்சாங்கம் பார்ப்பவர். அப்பா திருக்கணிதப் பஞ்சாங்கம். அந்த வருஷம் ஒன்றில் செவ்வாய்க்கிழமை வந்தது; மற்றொன்றில் புதன்கிழமை.

"வானத்தில் சந்திரன் எங்கே இருக்கிறதோ அதுதானே திதி? இல்லாத திதியில் பிண்டம் வைத்தால் அப்பாவுக்குப் போய்ச் சேருமா?" என்றார் அப்பா.

பெரியப்பா அசையவில்லை. "அப்பா தம்முடைய தகப்பனாருக்கு எந்தப் பஞ்சாங்கப்படி கொடுத்தாரோ, அந்த நாளில்தான் நம்மை எதிர்பார்த்து வருவார். நீ சந்திரனுக்குத் திதி கொடுக்கிறாயா, அப்பாவுக்குக் கொடுக்கிறாயா?"

முடிவில் செவ்வாய்க்கிழமை அண்ணனும் புதன்கிழமை தம்பியுமாக, தனித்தனியே சண்முக நதிக்குப் போய் வந்தார்கள். பாட்டி மட்டும், "அவருக்கு இரண்டு நாள் சாப்பாடு கிடைத்தால் வேண்டாமென்றா சொல்லப் போகிறார்?" என்று சொல்லிவிட்டு இரண்டு நாளும் சமைத்தாள்.

சிறுவனாக இருந்த எனக்கு அப்பா விஞ்ஞானத்தின் பக்கம், பெரியப்பா மதத்தின் பக்கம் என்று தோன்றியது. அது எவ்வளவு தவறு என்பது, இந்தச் சண்டையின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தபோதுதான் விளங்கிற்று.

வாக்கியப் பஞ்சாங்கம் மூடநம்பிக்கையின் குழந்தை அல்ல. அதுவும் கணிதத்தின் குழந்தைதான். சந்திரன் பூமிக்கு அண்மையில் வந்து, விலகி, மறுபடி அண்மைக்கு வருகிற சுற்று ஒன்பது முறை நிகழ ஏறக்குறைய 248 நாட்கள் ஆகின்றன. அந்த 248 நாட்களுக்கும் சந்திரனின் நிலையை எண்களாகக் கணித்து, எண்களை எழுத்துகளாக்கி, எழுத்துகளைச் சிறு சிறு வாக்கியங்களாகக் கோத்து மனப்பாடம் செய்துவிட்டார்கள் நம் முன்னோர்கள். வரருசி என்பவர் பெயரால் அவை வழங்குகின்றன. ஜான் வாரன் என்பவர் 1825-ல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலிதம்' என்ற ஆங்கில நூலில், தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனத்திலிருந்த வாய்பாட்டைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்த விதத்தை எழுதியிருக்கிறார். அந்த வருஷத்துக் கிரகணத்தின் தொடக்கத்தை அவர் நாலே நிமிஷப் பிழையோடு சொல்லிவிட்டார். முடிவில்தான் 52 நிமிஷம் பிசகியது.

அந்தப் பிசகில்தான் வம்பு பிறந்தது. சந்திரனைப் பூமி மட்டும் இழுக்கவில்லை, சூரியனும் இழுக்கிறது. அதனால் உண்டாகும் சிறு தடுமாற்றங்கள் எல்லாம் பழைய வாக்கியங்களில் சேரவில்லை. எனவே வாக்கியத் திதிக்கும் வானத்துத் திதிக்கும் சில மணி நேர வித்தியாசம் விழும் நாட்கள் உண்டு.

இதைத் துணிந்து சொன்னவர் சிந்தாமணி ரகுநாதாசாரியார். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டப்பட்ட வானாராய்ச்சிக் கூடத்தில் முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867-ல், ஒளி கூடியும் குறைந்தும் மாறுகிற ஒரு நட்சத்திரத்தைக் கண்டறிந்தார். 1868 ஆகஸ்டு 18-ந் தேதிப் பூரண சூரிய கிரகணத்தைக் காண நைஜாம் சீமையிலுள்ள வனபர்த்திக்கு ஒரு குழுவை நடத்திச் சென்றார். 1874-ல் சுக்கிரன் சூரியனைக் கடந்து சென்ற அபூர்வ நிகழ்ச்சியை விளக்கி, உரையாடல் வடிவில் ஒரு சிறு நூல் எழுதிப் பல மொழிகளில் வெளிவரச் செய்தார். அவர் தொடங்கியதுதான் திருக்கணிதப் பஞ்சாங்கம். அந்தத் 'திரு' நம் திருநீற்றில் உள்ள திரு அல்ல. 'த்ருக்' என்ற வடசொல். கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துப் போகும் கணக்கு என்று பொருள்.

பகலெல்லாம் வெள்ளைக்காரர் கூடத்தில் வேலை பார்த்த இந்த மனிதர் நாஸ்திகரா? இல்லை. ஆசாரமான வைஷ்ணவர். விரதமும் சிராத்தமும் வீண் என்று அவர் சொல்லவில்லை. அவை உரிய வேளையில் நடக்க வேண்டும், அதற்காகவே கணக்கைத் திருத்துங்கள் என்றார். பின்னாளில் என் அப்பா கேட்ட கேள்வியும் அதேதான்.

எதிர்த்த பண்டிதர்களிடமும் சாஸ்திரம் இருந்தது. ஒரு திதி 60 நாழிகைக்கு மேல் ஐந்து நாழிகை வளரலாம், ஆறு நாழிகை குறையலாம். அதற்கு மேல் கூடாது என்பது பழைய விதி. வானத்துச் சந்திரனோ ஏழு நாழிகை வளர்ந்தும் பத்து நாழிகை குறைந்தும் திதியைக் காட்டுகிறது. இப்போது யாரை நம்புவது? விதியையா, சந்திரனையா? தர்ம காரியங்களுக்கு வேண்டியது சாஸ்திரம் சொல்லும் திதி, கண்ணுக்குத் தெரியும் திதி அல்ல என்று அவர்கள் வாதித்தார்கள். பெரியப்பா சொன்னதும் இதுவேதான்.

ஆனால் ஒரு வேடிக்கை. பழைய முறைப் பஞ்சாங்கக்காரர்களிலும் பலர் கிரகண வேளையை மட்டும் புதுக் கணிதத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். காரணம் எளிது. தசமி எப்போது ஏகாதசி ஆயிற்று என்பதைத் தெருவில் நிற்கிறவன் பார்க்க முடியாது. கிரகணத்தையோ சின்னப் பையன்கூடப் பார்த்துவிடுவான்!

இந்தச் சங்கடமும் புதிதல்ல. கிரகணம் நிழலால் உண்டாவது என்று ஆரியபடர் 499-லேயே எழுதிவிட்டார். 628-ல் பிரம்மகுப்தர், ராகுவை மறுப்பது வேதத்துக்கு விரோதம் என்று அவரைக் கண்டித்தார். கண்டித்துவிட்டு, நிழலை வைத்தே கிரகணத்தைக் கணித்தார். இதைப் படித்த அல்பிரூனி, இத்தனை பெரிய அறிஞர் ஏன் இப்படிப் பேசினார் என்று பதினோராம் நூற்றாண்டில் வியந்து எழுதினார். ஊருக்கு அஞ்சினாரோ என்பது அவர் சந்தேகம். எனக்கென்னவோ, ஒரே மனத்தில் இரண்டு அறைகள் இருப்பது அவ்வளவு அபூர்வமாகப் படவில்லை.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனின் கரும்புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்று அறிய அரசாங்கம் விரும்பியது. அதன் பலனாக, ரகுநாதாசாரியார் உழைத்த சென்னைக் கூடத்தின் வானாராய்ச்சிப் பணி 1899-ல் கோடைக்கானலுக்கு மலையேறிற்று. பஞ்சத்தை முன்கூட்டிச் சொல்லும் சூத்திரம் அங்கே அகப்படவில்லை. ஆனால் கரும்புள்ளிகளின் வாயு நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓடுகிறது என்பதை 1909-ல் எவர்ஷெட் அங்கேதான் கண்டுபிடித்தார்.

2019 டிசம்பர் 26-ந் தேதி காலையில் இந்த வட்டாரத்தில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. திண்டுக்கல்லில் சூரியன் ஒரு மோதிரமாக நின்றது. அன்று தமிழ்நாட்டில் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்தினார்கள். எத்தனை மணிக்குச் சாத்துவது, எப்போது திறந்து புண்ணியாகவாசனம் செய்வது என்பதை எல்லாம் நிமிஷக் கணக்காகச் சொன்னது வானசாஸ்திரம். குளித்தவனும் கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தவனும் ஒரே கணக்கைத்தான் நம்பினார்கள்.

சுதந்திர இந்தியாவிலும் அரசாங்கம் ஒரு முயற்சி செய்தது. 1952-ல் மேகநாத் சாஹா தலைமையில் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு, இரவும் பகலும் சமமாகிற மார்ச்சு மாதத்து நாளை ஒட்டி ஆண்டுப் பிறப்பை வைத்தது. 1957 மார்ச்சு 22 முதல் அது தேசியப் பஞ்சாங்கமும் ஆயிற்று. நம் சித்திரை முதல் தேதியோ ஏப்ரல் 14-லேயே இருக்கிறது. திருநள்ளாற்றில், திருக்கணிதப்படி 2023 ஜனவரியிலேயே நடந்துவிட்ட சனிப்பெயர்ச்சியை, வாக்கியப்படி டிசம்பர் 20-ந் தேதிதான் கொண்டாடினார்கள்.

நம்மவர்தாம் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1582-ல் போப்பாண்டவர் திருத்திய காலண்டரை, அது போப்பாண்டவர் திருத்தியது என்பதால் 170 வருஷம் ஒதுக்கி வைத்து, 1752-ல்தான் இங்கிலாந்து ஏற்றது. ரஷ்யத் திருச்சபை இன்றும் ஜனவரி 7-ல்தான் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுகிறது.

இதையெல்லாம் படித்த பிறகு, பழனிக் கதையே எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. உலகத்தைச் சுற்றி வரச் சொன்னபோது, முருகன் மயிலேறி மெய்யான உலகத்தைச் சுற்றி வந்தான். பிள்ளையார் தாய் தந்தையரைச் சுற்றி வந்து, இதுதான் என் உலகம் என்றார். கனி பிள்ளையாருக்குப் போயிற்று. கோபித்துக்கொண்டு வந்து நின்றவன் மலைமேல் ஆண்டியானான். அப்பா மயிலேறியவர், பெரியப்பா பெற்றோரைச் சுற்றியவர். இருவரில் யாரும் தெய்வத்தை விட்டு விலகவில்லை.

சந்திரன் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அப்பா சொன்னதே சரி. அதில் எனக்கு இன்று ஐயமில்லை. ஆனால் தாத்தா எந்த நாளில் வருவார் என்ற கேள்விக்குத் தொலைநோக்கியில் விடை இல்லை. இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றென்று எண்ணியதால், அண்ணனும் தம்பியும் ஒரு வருஷம் முழுக்கப் பேசாமல் இருந்தார்கள்.

அப்பாவும் பெரியப்பாவும் இப்போது இல்லை. நான் திதி கொடுக்கிறேன். அப்பாவுக்குத் திருக்கணிதப்படி. பெரியப்பாவுக்குப் பிள்ளையில்லை, அவருக்கு வாக்கியப்படி.