காதில் கை வைக்கும் நடுவர்

2016 பிப்ரவரி 16, பினாங்கு நகர அரங்கம். பகாங்குக்கு எதிராக ஃபைஸ் சுப்ரி வெகுதூரத்திலிருந்து உதைத்த ஃப்ரீகிக், நடுவானில் சட்டெனத் திசைமாறி வலைக்குள் போனது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. மறு ஜனவரியில் அந்தக் கோலுக்கு ஃபிஃபாவின் புஷ்காஷ் விருது. ஆசியர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல்முறை.

மலேசிய சூப்பர் லீக்கில் 2024இல் விஏஆர் எனும் காணொளி நடுவர் முறை வந்தபின், ஜார்ஜ் டவுன் மாமாக் கடையில் எங்களுக்குள் ஒரே சண்டை.

“அண்ணே, இப்பல்லாம் கோல் விழுந்தாலும் கத்த யோசனையா இருக்கு. ரெஃப்ரி காதுல கை வச்சா பாதி சந்தோஷம் போச்சு.”

“திருட்டு பெனால்டில தோத்துட்டு வாரம் முழுக்கப் பொலம்புறதுக்கு, ரெண்டு நிமிஷம் காத்திருக்கலாம் தம்பி.”

சிங்கப்பூரின் கோவிந்தசாமி சுப்பையாவைப் பற்றிச் சொன்னேன். 1974 உலகக் கோப்பையில் போலந்து–ஹைத்தி ஆட்டத்துக்கு அவர்தான் நடுவர். துணைக்கு இரண்டு கோட்டு நடுவர்கள் மட்டுமே. தவறினால் திரையைக் காட்டித் திருத்த ஆளில்லை. வசவெல்லாம் விசில் ஊதியவர் தலையில். அந்தப் பாரத்தைக் குறைப்பதாலேயே நான் விஏஆர் பக்கம்.

ஆனால் 2018இல் விதிப்புத்தகத்தில் ஏறிய விஏஆர் கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகிய நான்கையே பார்க்க வந்தது. ஃபைஸுக்கு ஃப்ரீகிக் கொடுத்த விசில் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இன்று ஊதினாலும் அது மனிதரின் முடிவுதான்.

தம்பி தே தாரிக்கை உறிஞ்சினான். “அப்ப அன்னிக்கு கத்துனது கத்துனதுதான்.”