நிலவுக்கு ஒத்திகை பார்த்த சித்தம்பூண்டிக் கல்

பரமத்தி வேலூருக்கு வடமேற்கே, மேட்டாங்காடுகளின் நடுவே வெளிறிக் கிடக்கிறது சித்தம்பூண்டிப் பாறை. ஒரு துண்டைக் கையில் எடுத்தால் கல்கண்டு உடைத்ததுபோல் வெள்ளை மணிகள். ஊடே கரும்பச்சைக் கோடுகள். சில இடங்களில் சாணைக்கு உதவும் குருந்தக்கல் சிவந்து தெரியும். வேறு சில இடங்களில் குரோமைட் கறுப்புப் பட்டைகளாக ஓடும்.

இது அனார்த்தசைட் என்னும் பாறைவகை. பூமிக்கடியில் உருகிய குழம்பு, தனக்கு முந்தைய பாறைகளுக்குள் புகுந்து, மேலே வர வழியின்றி அங்கேயே மெல்ல ஆறி உறைந்தது. முதலில் உறைந்தவை தனியே தங்கியதால்தான் இந்த அடுக்குகள். பின்னர் நிலம் நெருக்குண்டபோது பாறை முழுவதும் ஆழத்துக்குப் போய், வெந்து மடிந்தது. ஏ.பி.சுப்பிரமணியம் 1956-ல் இதை விரிவாக ஆராய்ந்து எழுதிய பிறகு உலகப் புவியியலாளர்கள் இந்த ஊர்ப் பெயரை அறிந்தார்கள்.

வயது என்ன? இங்கேதான் வழக்கு. 1996-ல் சமாரியம்–நியோடிமியம் முறையில் வந்த விடை சுமார் 293 கோடி ஆண்டுகள். 2013-ல் பாறைக்குள் இருக்கும் ஜிர்கான் என்னும் கனிம மணிகளைச் சோதித்தபோது கிடைத்தது சுமார் 254 கோடி. முதல் முறை பல துண்டுகளை ஒரே கோட்டில் சேர்த்துக் கணக்கிடுவது. வெந்து புரண்ட பாறையில் அந்தக் கோடு பிசகலாம். ஜிர்கானோ, யுரேனியம் ஈயமாக மாறும் கணக்கைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும். மணியின் நடுவில் பிறந்த காலம் பதிவாகியிருக்கும், ஓரத்தில் பின்னால் வெந்த காலம். நான் ஜிர்கான் பக்கம்தான்.

நிலவின் வெள்ளை மேட்டுநிலமும் அனார்த்தசைட்தான். ஆனால் அது 430 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. நிலவு உருகிக் கிடந்தபோது லேசான படிகங்கள் மேலே மிதந்து உறைந்ததில் பிறந்தது. ஆகவே சித்தம்பூண்டியை 'நிலவுத் துண்டு' என்பது தவறு. பிறப்பு வேறு, சரக்கு ஒன்று. பூமியின் பெரிய அனார்த்தசைட் பாறைகளில் சோடியம் கூடுதலாக இருக்கும். இங்கோ நிலவில்போலவே கால்சியம் மிகுதி. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையின் துணையோடு, இஸ்ரோ சித்தம்பூண்டி, குன்னமலைக் கற்களைத் தேடி வந்தது அதனால்தான். கல்லைப் பொடித்து, சலித்து, நிலவு மண்போல் ஆக்கி, பெங்களூரில் பரப்பி, நிலவு ஊர்தியின் சக்கரங்களை ஓட்டிப் பார்த்தார்கள். அந்த மண்ணின் தயாரிப்பு முறைக்கு 2020-ல் காப்புரிமை கிடைத்தது.

2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதன் பிரக்யான் ஊர்தி தரையை 23 இடங்களில் அளந்தது. அந்த முடிவுகள் 2024 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தன: அங்கிருந்த மண்ணில் பெரும்பங்கு அனார்த்தசைட்.