ஆர்க் போச்சு, ஜிப் வந்துச்சு

ரார் கோப்பை ஜிப்பா மாத்தித் தர்ற இணையதளங்கள் எக்கச்சக்கமா இருக்கு. நாம கோப்பை ஏத்தினா, அந்த சர்வர் மூட்டையைப் பிரிச்சு, இன்னொரு விதமா கட்டித் திருப்பித் தரும். மேட்டர் அவ்வளவுதான். ஆனா ஒரே வேலைக்கு எதுக்கு இத்தனை விதமான மூட்டை? இதுக்குப் பின்னால ஒரு கோர்ட் கேஸ் இருக்கு மக்களே!

1980கள், அமெரிக்கா. இணையம் வீட்டுக்கு வராத காலம். மோடம் வழியா புல்லட்டின் போர்டுகளுக்கு ஃபோன் போட்டு நிரல்களை இறக்கிக்கொள்வார்கள். 2400 பிட் மோடத்தில் 100 கேபி இறங்க 7 நிமிஷம் ஆகும். ஃபோன் பில் எகிறும். அதனால் கோப்பு எவ்வளவு சுருங்குதோ அவ்வளவு காசு மிச்சம்.

1985ல் தாம் ஹெண்டர்சன் ஆர்க் என்ற நிரலை வெளியிட்டார். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டுவது, சுருக்குவது, ரெண்டையும் ஒரே நிரல் செய்தது. புல்லட்டின் போர்டு எல்லாம் ஆர்க் மயம். அவருடைய எஸ்.ஈ.ஏ. நிறுவனம் மூலநிரலையும் கொடுத்தது. மில்வாக்கியைச் சேர்ந்த ஃபில் காட்ஸ் முக்கியமான பகுதிகளை அசெம்பிளியில் எழுதி, பிகேஆர்க் என்று விட்டார். வேகம்னா வேகம், அப்படி ஒரு வேகம்! ஜனம் அந்தப் பக்கம் சாய்ந்தது.

1988ல் எஸ்.ஈ.ஏ. வழக்குப் போட்டது. ரெண்டு மூலநிரலையும் ஒப்பிட்ட நிபுணர், குறிப்புரைகளும் எழுத்துப்பிழைகளும்கூட அப்படியே இருப்பதாகச் சொன்னார். காட்ஸ் பணம் கட்ட ஒப்புக்கொண்டு சமரசத்துக்கு வந்தார். பிகேஆர்க்கை நிறுத்தவும் சம்மதித்தார்.

சட்டப்படி ஹெண்டர்சனுக்கு ஜெயம். ஆனா ஜனங்க பார்வையில் அவர்தான் வில்லன். பெரிய கம்பெனி ஒரு தனி ஆளை நசுக்குதுன்னு பேச்சு. உண்மையில் எஸ்.ஈ.ஏ. என்பது ஹெண்டர்சனும் மச்சானும் சேர்ந்து ஆரம்பித்த குட்டிக் கம்பெனி. பாவம்!

1989 பிப்ரவரியில் காட்ஸ் புது வடிவத்தோடு வந்தார். அதுதான் ஜிப். கூடவே அவர் செய்த இன்னொரு காரியம்தான் முக்கியம். ஜிப் கோப்பு உள்ளே எப்படி அமைந்திருக்கிறது என்ற விவரத்தை வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் இதைப் படிக்க, எழுத நிரல் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். புல்லட்டின் போர்டு நடத்தியவர்கள் சேர்த்துவைத்திருந்த ஆர்க் கோப்புகளை மொத்தமாகப் பிரித்து ஜிப்பாகக் கட்டினார்கள். இதுக்குன்னே சின்னச் சின்ன நிரல்கள் வந்தன. இன்றைய ஆன்லைன் கன்வர்ட்டருக்கு அதெல்லாம் தாத்தா :-)

யூனிக்ஸ் பக்கமும் இதே கூத்துதான். அங்கே கம்ப்ரெஸ் என்ற நிரல் இருந்தது. அதன் எல்இசட்டபிள்யூ முறைக்கு யூனிசிஸ் காப்புரிமை வைத்திருந்தது. அதனால் 1992ல் ஜிஜிப் வந்தது. அது எடுத்துக்கொண்டது காட்ஸின் டிஃப்ளேட் முறையை. பழைய கோப்புகளை ஜிஜிப்பாக மாற்ற ஒரு நிரலும் சேர்ந்தே வந்தது, பெயர் இசட்நியூ.

ரார் கதை வேற. 1993ல் ரஷ்யாவின் யூஜின் ரோஷல் உருவாக்கியது. பிரிக்கும் நிரலின் மூலம் கிடைக்கும், ஆனால் அதை வைத்து ரார் கட்டும் நிரல் எழுதக்கூடாது என்பது நிபந்தனை. அதனால ராரில் இருந்து வெளியே வர நிறைய கதவு, உள்ளே போக ஒரே கதவு.

மாற்றும்போது சில விஷயம் தொலையும். பழைய ஜிப்பில் கோப்புப் பெயர்களுக்கு ஐபிஎம் பிசியின் எழுத்துத்தொகுதிதான். யூனிகோடுக்கு முறையான இடம் 2006ல்தான் வந்தது. அதை மதிக்காத நிரல் வழியாகப் போனால் தமிழ்ப் பெயர் எல்லாம் ஜிலேபி! யூனிக்ஸ் டார் கோப்பில் இருக்கும் அனுமதிகளும் வழியில் உதிரலாம். அப்புறம், ஆபீஸ் கோப்பை முகம் தெரியாத சர்வருக்கு ஏத்துறதுக்கு முன்னால ஒரு தடவை யோசிங்க. இலவச செவன்-ஜிப் உங்க கணினியிலேயே பிரிச்சுக் கட்டிரும்.

காட்ஸ் 2000 ஏப்ரலில், 37 வயதில், மில்வாக்கியில் ஒரு மோட்டல் அறையில் தனியாக இறந்துகிடந்தார். குடி. ஆர்க் விஷயத்தில் அவர் செய்தது தப்புன்னுதான் நான் சொல்வேன். ஆனா கதவைத் திறந்துவிட்டதும் அதே ஆள்தான். டாக்எக்ஸ், ஈபப், ஜார், ஆண்ட்ராய்டின் ஏபிகே, எல்லாமே உள்ளுக்குள்ள ஜிப்தான். சந்தேகமா? ஒரு டாக்எக்ஸ் கோப்பை நகலெடுத்து, பின்னொட்டை ஜிப்னு மாத்தித் திறந்து பாருங்க. முதல் ரெண்டு எழுத்து 'பிகே'. ஃபில் காட்ஸ்!

டிஸ்கி: பத்து வருஷம் கழிச்சும் திறக்கணும்னு நினைக்கிற எழுத்தை, விவரம் வெளியே தெரிஞ்ச வடிவத்துல கட்டி வைங்க. பழைய சிடியில ஆர்க் கோப்பு ஏதாவது கிடக்குதா? பின்னூட்டத்துல சொல்லுங்க.