பத்தடிக்குப் பன்னிரண்டடி



நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனின் குறிப்பேட்டில் “வீட்டுப்பாடத்தில் அக்கறை இல்லை” என மூன்று முறை எழுதினேன். மூன்றுக்கும் கீழே பெற்றோர் கையொப்பம் இருந்தது; மாற்றம்தான் இல்லை. நான்காவது முறை எழுதப் பேனாவைத் திறந்தபோது கை ஏனோ தயங்கியது. அன்று மாலை அவன் வீட்டிற்கே சென்றேன். அடுக்குமாடிக் குடியிருப்பின் எட்டாவது மாடி. மின்தூக்கி ஓடவில்லை. ஏழாவது மாடி திரும்பும் இடத்தில், படிக்கட்டில் அவன் அமர்ந்திருந்தான். கணக்குப் புத்தகம் ஒரு படியில், நோட்டுப்புத்தகம் மடியில்.

“ஏன்பா இங்க உக்காந்து எழுதுற?”

“உள்ள இடம் இல்ல டீச்சர்.”

சாக்குச் சொல்கிறான் என்றே நினைத்தேன். உள்ளே சென்ற பிறகு நம்பினேன். மூவர், இருவர், ஒருவர் அமரும் சோபாக்கள் மூன்றும் கூடத்தை நிறைத்திருந்தன. ஆறு நாற்காலிகளுடன் உணவு மேசை. அதன்மேல் மடிக்காத துணிகள். சன்னலை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய கண்ணாடி ஷோகேஸ். அதற்குள் எவரும் உண்ணாத தட்டுகள், எவரும் பருகாத கோப்பைகள். சுவருக்குக் கருஞ்சிவப்புச் சாயம். மாலை ஐந்து மணிக்கே விளக்குப் போட்டிருந்தார்கள்.

“வீடு சின்னது டீச்சர், என்ன செய்யறது?” என்றார் அவன் தாயார்.

வீடு சின்னதுதான். நம் நாட்டு மலிவு விலை அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் 650 முதல் 700 சதுர அடி வரை. அதற்குள் மூன்று படுக்கையறைகள். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு கணக்கு மனத்தை அரித்தது. நான் வளர்ந்த தோட்டத்து லய வீட்டின் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. 120 சதுர அடி. பின்னால் ஒட்டுக் குசினி. இருந்தவர்கள் ஏழு பேர். அங்கே நான் வீட்டுப்பாடம் எழுதினேன். எங்கே உட்கார்ந்து எழுதுவது என்ற கேள்வி ஒருநாளும் எழுந்ததாக நினைவில்லை. அது எப்படி?

லயத்தைப் பார்த்திராத இளம் பெற்றோருக்காகச் சிறிது சொல்கிறேன். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி முறையில் ஆளெடுப்பது 1938 வரை நீடித்தது. அந்தப் பல்லாண்டுகளில் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோரைத் தோட்டங்கள் லயங்களில் குடியமர்த்தின. நீண்ட மரக்கட்டடம், அதற்கு ஒரே கூரை, உள்ளே பலகைத் தடுப்புகள், தடுப்புக்கு ஒரு குடும்பம். முன்புறம் நெடுக ஓடும் அஞ்சடி. சில தோட்டங்களில் அறைகள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். அவற்றில் குறுக்கே காற்று புகாது. எங்கள் லயத்தில் தடுப்புப் பலகைகள் கூரைவரை எட்டவில்லை. பக்கத்து வீட்டுச் சண்டை, சமையல், இருமல் எல்லாம் எங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஆனால் அந்தத் தடுப்பு எட்டாததால்தான் அறைக்கு உயரம் இருந்தது என்பது இப்போது விளங்குகிறது. படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் தகரக் கூரையின் உச்சிவரை கண் போகும். உட்கூரை கிடையாது, அதனால் தலைக்குமேல் எதுவும் அமுக்கவில்லை. தரையில் 120 சதுர அடி; மேலே லயம் முழுவதும் எங்களுடையது போல.

பாட்டி அந்த அறையை வைத்திருந்த விதம் தனிக்கதை. காலையில் பெரட்டுக்கு மணியடிக்குமுன் பாய்கள் எல்லாம் சுருட்டப்பட்டுப் பரண்மேல் ஏறிவிடும். தலையணைகள் பாய்க்குள்ளேயே அடங்கிவிடும். துணிகள் ஒரு டிரங்குப் பெட்டிக்குள். அந்தப் பெட்டியே பகலில் தாத்தாவின் இருக்கை, மாலையில் என் எழுதுபலகை. அன்றாடத் துணிக்கு மூலையில் ஒரு கொடி. தம்பியின் தூளியை உத்தரத்தில் கட்டுவார்கள். அவன் எழுந்ததும் அதை முடிந்து மேலே எறிந்துவிடுவார்கள். சாமி படங்கள்கூடக் கண்ணுக்குச் சற்று மேலே, ஒரே சுவரில். தரையில் நிரந்தரமாக நின்றவை அந்தப் பெட்டியும் தண்ணீர்க் குடமும் மட்டுமே. மற்ற இடம் முழுவதும் சாணமிட்டதுபோல் சுத்தமான வெற்றுப் பலகைத் தரை.

தீபாவளிக்கு முன் சுண்ணாம்பு அடிப்பார்கள். அதில் சலவை நீலம் ஒரு சிட்டிகை கலப்பார் பாட்டி. சுண்ணாம்பின் மஞ்சள் சாயல் நீலத்தால் அடங்கி வெண்மை கூடித் தெரியும். ஒரே ஒரு சன்னலின் வெளிச்சம் நான்கு சுவரிலும் பட்டுத் திரும்பும். சுவரின் கீழ்ப்பாதியில் பலகை இடுக்குகளை அடைக்கத் தமிழ் நேசன் தாள்களை ஒட்டியிருந்தோம். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் பாடநூல் அந்தச் சுவர்தான். தலைகீழாக ஒட்டப்பட்ட ஒரு விளம்பரத்தை, தலையைச் சாய்த்தே படித்து மனப்பாடம் செய்தேன்.

விருந்தினர் வருவதாக இருந்தால் பாட்டி அறையை அளக்கும் முறையும் பாய்தான். “ரெண்டு பாய் போடலாம், வரச் சொல்லு” என்பார். பல ஆண்டுகள் கழித்து, ஜப்பானியரும் அறையைப் பாய்க்கணக்கில்தான் அளக்கிறார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்களுடைய தத்தாமிப் பாய் ஏறத்தாழ மூன்றடிக்கு ஆறடி. கியோத்தோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே யாமாசாக்கி என்னுமிடத்தில், மியோக்கி-ஆன் கோயிலில், தாய்-ஆன் என்ற தேநீர் அறை இருக்கிறது. 1582ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டப்பட்டது. தேநீர்ச் சடங்கின் பேராசான் சென் நோ ரிக்கியு அமைத்ததாகக் கருதப்படுவது. இன்று அந்நாட்டின் தேசியச் செல்வம். அதன் அளவு இரண்டே பாய். 36 சதுர அடி! எங்கள் லய அறையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த அறையை ரிக்கியு எப்படி விரித்தார் என்பதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். நுழைவாயில் ஏறத்தாழ இரண்டரை அடி உயரமே. எந்தப் பிரபுவானாலும் வாளை வெளியே வைத்துவிட்டு மண்டியிட்டு ஊர்ந்துதான் வரவேண்டும். குனிந்து வந்தவன் நிமிரும்போது சிறிய அறையும் உயர்ந்து நிற்கும். கூரையின் உட்புறம் ஒரே மட்டமாக இல்லை. மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியைக் கூரைச் சரிவோடு சேர்த்துச் சாய்த்துவிட்டார். சன்னல்கள் வெவ்வேறு உயரத்தில், தாள் ஒட்டியவை. வெளிச்சம் வரும், வெளிக்காட்சி வராது. எல்லாவற்றினும் நுட்பமானது, படச்சுருள் தொங்கவிடும் மாடத்தில் அவர் செய்தது. மாடத்தின் உள்மூலைத் தூண்களை மண்சாந்தால் மூடிப் பூசி, மூலைகளை வளைத்து மழுப்பிவிட்டார். மூலை தெரிந்தால் கண் ஆழத்தை அளந்துவிடும். மூலை தெரியாவிட்டால் அளக்க வழியில்லை. அளக்க முடியாத இடம் ஆழமாகத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். அந்த அறையின் சுவர் வெள்ளையன்று. வைக்கோல் கலந்த கருமண். சிறிய அறைக்கு வெள்ளை பூசினால் போதும் என்று இன்று எல்லாரும் சொல்வது பாதி உண்மைதான். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, கண் எங்கே போய் நிற்கிறது, தரையில் எவ்வளவு வெறுமை மிஞ்சுகிறது என்பவை நிறத்துக்கு முந்தியவை.

அதே காலத்தில் ரிக்கியுவின் தலைவர் தொயோத்தொமி இதெயோசி, பொன் வேய்ந்த தேநீர் அறை ஒன்றைச் செய்வித்து, 1586இல் பேரரசருக்குக் காட்டினார். அது மூன்று பாய். பிரித்துச் சுமந்து செல்லக்கூடியது. ஒரு பாய் கூடுதல், சுவரெல்லாம் பொன். எனக்கு அந்த ஷோகேஸ்தான் நினைவுக்கு வந்தது. 1591இல் அதே தலைவரின் ஆணையால் ரிக்கியு தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிடில் இக்கட்டுரை பொய்யாகிவிடும். ரிக்கியு சிறுமையைத் தேர்ந்தெடுத்தார். தேநீர் முடிந்ததும் எழுந்து போக அவருக்கு வேறு அறை இருந்தது. என் பாட்டிக்கு இல்லை. எழுவர் உறங்கிய அறையில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் எழுவருக்கும் வரும். புதிதாக மணமானவர்களுக்கு ஒரு சேலைத் திரை. “அந்தக் காலத்தில் சின்ன வீட்டில் எவ்வளவு மகிழ்ச்சி!” என்று மேடையில் பேசுவோரைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. இந்நாட்டில் தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் விதிக்கும் தனிச்சட்டம் 1966இல் வந்தது. 1990இல் வசதிகளையும் சேர்த்துப் புதிய சட்டம் இயற்றப்பட்டது. பாட்டியின் திறமையால் அந்த அறை போதுமானதாக ஆகிவிடவில்லை. போதாத அறையில் அவர் எங்களுக்கு இடம் உண்டாக்கித் தந்தார். இரண்டும் வேறு.

கண்ணாடியைப் பற்றியும் ஒரு சொல். இலண்டனில் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் என்னும் இடத்தில் கட்டடக் கலைஞர் சர் ஜான் சோனின் இல்லம் அருங்காட்சியகமாக இருக்கிறது. அவர் ஒரு கொத்தனாரின் மகன். 1837இல் மறைந்தார். அவ்வீட்டின் சிற்றுண்டி அறையில் நூற்றுக்கும் மேற்பட்ட குவியாடிகளைப் பதித்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் முழு அறையும் சுருங்கித் தெரியும். அதன் குடைக்கூரை பக்கச் சுவர்வரை எட்டாது. எட்டாத இடைவெளியின் வழியே மறைந்திருக்கும் மேற்சன்னல்களிலிருந்து ஒளி சுவரில் வழியும். லயத்துத் தடுப்புப் பலகையை நான் நினைத்துக்கொண்டேன் என்றால் மிகையன்று. அதே வீட்டின் ஓவிய அறை பதின்மூன்றடிச் சொச்சத்துக்குப் பன்னிரண்டடிச் சொச்சம். எங்கள் அறையைவிடச் சற்றே பெரியது. அதில் நூற்றுக்கு மேற்பட்ட ஓவியங்கள். சுவர்களையே கதவுபோல் கீலில் மாட்டித் திறக்கச் செய்து, உள்ளும் புறமும் மாட்டிவைத்தார். தரை வெறுமையாகவே இருக்கிறது.

இதையெல்லாம் அந்தத் தாயாரிடம் சொன்னேனா? சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் அழைத்ததால் மீண்டும் சென்றேன். “என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க டீச்சர்” என்றார். ஷோகேஸைச் சன்னலிலிருந்து நகர்த்தலாம் என்று மட்டும் சொன்னேன். கணவரும் மைத்துனரும் சேர்ந்து நகர்த்தினார்கள். அதற்குப் பின்னால் ஆறு ஆண்டு தூசி. ஆனால் வெளிச்சம் உள்ளே வந்து எதிர்ச் சுவரில் விழுந்தபோது, யாரும் எதுவும் சொல்லாமல் சற்று நேரம் நின்றோம். எட்டாவது மாடியிலிருந்து தூரத்து மலை தெரிந்தது! அந்த வீட்டிற்கு ஒரு மலை இருந்தது என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

மற்றவை ஒவ்வொன்றாக நடந்தன. ஒருவர் அமரும் சோபா உறவினர் வீட்டுக்குப் போனது. இருவர் சோபாவை விட அவர்களுக்கு மனமில்லை. தவணை முடிந்து ஓராண்டுதான் ஆகிறதாம், நான் வற்புறுத்தவில்லை. கருஞ்சிவப்புச் சுவருக்கு வெளிறிய பாலேட்டு நிறம் மூன்று முறை பூச வேண்டியிருந்தது. அப்படியும் ஒரு மூலையில் சிவப்பு எட்டிப்பார்க்கிறது. உட்கூரைக்கு அதைவிட வெண்மையான சாயம். துணிகள் மேசையிலிருந்து படுக்கையறைக் கதவின் பின்புறக் கொக்கிகளுக்கு ஏறின. சன்னலுக்கு எதிரே ஒரு கண்ணாடி மாட்டலாம் என்றபோது மாமியார் மறுத்தார். வாசலைப் பார்த்துக் கண்ணாடி ஆகாது என்பது அவர் கட்சி. வாசலைப் பார்க்காமல் ஓர் அடி தள்ளி மாட்டினார்கள். மலை இப்போது இரண்டு இடத்தில் தெரிகிறது.

சன்னலின் கீழே, ஷோகேஸ் நின்ற இடத்தில், சுவரில் கீல் வைத்த ஒரு மடக்குப் பலகை. எழுதும்போது விரிக்கலாம், எழுதி முடித்தால் மடக்கிவிடலாம். அவன் தந்தையே பலகை வாங்கி அறுத்துப் பொருத்தினார்.

“நாலு பேரு வந்தா எங்க டீச்சர் உக்கார வைக்கிறது?” என்று தாயார் கடைசிவரை கவலைப்பட்டார். “பாய் இருக்கா?” என்றேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கோரைப்பாயை இழுத்து வந்தார். அவர் அம்மா தோட்டத்திலிருந்து கொண்டுவந்ததாம்.

வீட்டுப்பாடம் இப்போது வருகிறது. கணக்கில் தவறுகள் குறைந்தபாடில்லை. அது வேறு சங்கதி. குறிப்பேட்டில் நான் எழுதிய மூன்று வரிகளையும் சென்ற மாதம் கோடிட்டு அடித்து, ஓரத்தில் என் கையொப்பத்தைப் போட்டுக் கொடுத்தேன். “எதுக்கு டீச்சர் நீங்க கையெழுத்துப் போடறீங்க?” என்றான். வீட்டில் காட்டி அவன் தாயாரின் கையொப்பத்தையும் வாங்கி வரச் சொன்னேன்.