கறுப்பு வெள்ளையில் நம் கட்டடங்கள்: எங்கே நின்று பார்ப்பது?

பழைய புகைப்படங்களைப் பற்றித் தொலைக்காட்சிக் கலந்துரையாடல் அரங்கில் நான் பேசியதை இந்தப் பக்கத்துக்காகச் சற்று விரித்து எழுதியிருக்கிறேன்.

அரங்கில் ஒரு கல்லூரி மாணவர் எழுந்து கேட்டார்: "கைத்தொலைபேசியில் ஒரு தட்டுத் தட்டினால் எந்தப் படமும் கறுப்பு வெள்ளையாகிவிடுகிறது. ஆனால், பழைய படங்களில் கட்டடங்களுக்கு இருக்கும் கம்பீரம் என் படத்தில் வருவதில்லையே, ஏன்?" நேரம் போதாததால் அன்று சுருக்கமாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதில் சொல்ல வேண்டுமென்றால் 1844ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

குன்றின் மேல் ஒரு பிரெஞ்சுக்காரர்

அந்த ஆண்டில், சீனாவுக்குச் சென்ற பிரெஞ்சுத் தூதுக்குழுவில் இருந்த சுங்க அதிகாரி ஜூல் இத்தியே சிங்கப்பூருக்கு வந்தார். இன்று ஃபோர்ட் கேனிங் என்று நாம் அழைக்கும் குன்றிலிருந்து சிங்கப்பூர் ஆற்றையும் போட் கீயையும் படம் பிடித்தார். இன்றும் எஞ்சியுள்ள சிங்கப்பூர்ப் படங்களில் மிகப் பழமையானவற்றுள் அதுவும் ஒன்று.

வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுக்கப்படும் அத்தகைய படத்துக்குப் பிரதி கிடையாது. ஒரு தகடு, ஒரு படம். ஆகவே, நிற்கும் இடத்தை முதலில் தேர்ந்தெடுத்தாக வேண்டும். கீழே நின்றால் முன்வரிசைக் கட்டடங்கள் மட்டுமே தெரியும். குன்றின் மேல் நின்றதால் ஆறும் கரையும் கூரைகளும் ஒரே சட்டத்துக்குள் வந்தன. இதுதான் முதல் பாடம். கருவியை உயர்த்துவதற்கு முன் காலை நகர்த்துங்கள்.

தஞ்சையில் 21 படங்கள்

இரண்டாவது பாடம் தமிழகத்திலிருந்து கிடைக்கிறது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856ல் பொறுப்பேற்றவர் லின்னேயஸ் டிரைப். மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் கோயில்களை 1858ல் அவர் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் ஆறு மீட்டர் நீளத்துக்கு ஒரே படமாக்கினார். ஒரு சட்டத்துக்குள் அடங்காத கட்டடத்தைத் திணிக்க அவர் முயலவில்லை. கோபுரத்தையும் வானத்தையும் விட்டுவிட்டு, எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அக்காலக் காகித நெகட்டிவ்களும் தகடுகளும் நீல நிறத்துக்கே அதிகம் இசைந்தவை. அதனால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் சில நெகட்டிவ்களில் மேகங்களைக் கையாலேயே தீட்டிச் சேர்த்திருக்கிறார். இன்று நமக்கு வேறு விதமான சிக்கல். சிவப்பு ஓடும் அருகில் உள்ள பச்சை மரமும் வண்ணப் படத்தில் தனித்தனியே தெரியும். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகி ஒன்றோடொன்று கலந்துவிடலாம். கட்டடத்தைப் பிரித்துக் காட்ட வெளிச்சமும் நிழலுமே மிச்சம். மாணவரின் படத்தில் கம்பீரம் வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நியூயார்க்கில் கால் மணி நேரம்

நிழலுக்காகக் காத்திருக்கவும் தெரிய வேண்டும். பாரிசின் பழைய தெருக்களைக் கனமான கண்ணாடித் தகடுகளில் பதிவு செய்த எழேன் அட்ஜே, பெரும்பாலும் ஆளரவம் இல்லாத அதிகாலையிலேயே வேலை செய்தார். அவர் 1927ல் மறைந்த பிறகு அவரிடம் எஞ்சியிருந்த படங்களை வாங்கிக் காப்பாற்றியவர் பெரனிஸ் அபோட் என்ற அமெரிக்கப் பெண்மணி.

அபோட் 1930களில் நியூயார்க்கின் இரவுக் காட்சியை எடுக்க விரும்பினார். படம் பதிய கால் மணி நேரம் தேவை. அலுவலகங்களோ ஐந்து மணிக்கு விளக்கணைத்துவிடும். ஆகவே, ஐந்து மணிக்குள் இருட்டிவிடும் டிசம்பர் மாதத்தின் மிகக் குறுகிய பகற்பொழுதைத் தேர்ந்தெடுத்து, எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலிருந்து எடுத்தார். அந்த ஒரு படத்துக்காக அவர் ஒரு நாளையே கணக்குப் போட்டார்.

நம் ஊரின் மார்ஜரி டாகெட்

இங்கிலாந்திலிருந்து 1947ல் சிங்கப்பூருக்கு வந்த மார்ஜரி டாகெட், புகைப்படக் கலையைத் தாமே கற்றுக்கொண்டவர். இங்குள்ள கட்டடங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து 1957ல் 'கேரக்டர்ஸ் ஆஃப் லைட்' என்ற நூலாக வெளியிட்டார். நினைவுச் சின்னங்கள் பாதுகாப்பு வாரியம் அமைந்தது 1971ல்தான். சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் வட்டாரங்கள் பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டதோ 1989ல். அதற்கெல்லாம் முன்பே இக்கட்டடங்கள் பார்க்கத் தக்கவை என்று சொன்ன நூல் அது. பிராஸ் பசா சாலையில் இருந்த ராஃபிள்ஸ் கல்விக்கழகத்தைப் போல, 1950களில் நின்ற பல கட்டடங்கள் இன்று இல்லை.

எங்கள் வீட்டுப் படங்கள்

இதைச் சொல்லும்போது எனக்குச் சற்று வெட்கமாகவும் இருக்கிறது. நான் தொடக்கப்பள்ளியில் படித்த காலத்தில், நாங்கள் இருந்த வீவக புளோக் இடிக்கப்பட்டது. அந்த வீட்டில் எடுத்த படங்கள் எங்களிடம் இருநூறுக்கு மேல் உள்ளன. எல்லாவற்றிலும் முகங்கள்தாம். வீடு எதிலும் இல்லை.

நினைவு மங்கத் தொடங்கியிருந்த பாட்டி ஒருநாள், "நம்ம பழைய வீட்டைக் காட்டு" என்றார். ஆல்பங்களைப் புரட்டிப் பார்த்தோம். ஒரு தீபாவளிப் படத்தில் என் தலைக்குப் பின்னால் இரண்டடி நீளத்துக்குத் தாழ்வாரக் கம்பி மட்டும் தெரிந்தது. பாட்டி அதை விரலால் தடவி, "இங்கேதான் உங்க தாத்தா துண்டு காயப்போடுவாரு" என்றார். படம் எடுத்தவர் நான்கடி பின்னால் நகர்ந்திருந்தால் வீடு முழுவதும் வந்திருக்குமே என்று அன்று தோன்றியது.

ஒரு காலைப் பயிற்சி

ஆர்வமுள்ளவர்கள் ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்குச் சென்று பாருங்கள். 1827ல் தொடங்கப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் ஆலயமும், 1830களில் கட்டி முடிக்கப்பட்ட ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் நண்பகல் வெயில் நம் தலைக்கு மேலிருந்து விழும். சிற்பங்கள் தட்டையாகத் தெரியும். காலை வெயில் சாய்வாகப் பட்டால் ஒவ்வொரு சிற்பத்துக்கும் பக்கத்தில் நிழல் விழுந்து உருவம் எழும்பும்.

கோபுரத்தின் அடியில் நின்று கருவியை அண்ணாந்து பிடிக்காதீர்கள். கோபுரம் பின்னால் சாய்வதுபோல் வரும். பழைய மரப்பெட்டிக் கருவிகளில் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தி இதைச் சரிசெய்தார்கள். நாம் எதிர்ப்பக்கம் போய், கைத்தொலைபேசியை நேராகப் பிடித்து எடுத்து, வேண்டாத சாலைப் பகுதியைப் பிறகு வெட்டிவிடலாம்.

அடுத்து, அருகிலுள்ள கடைவீடுகளின் அஞ்சடியில் நின்று பாருங்கள். ராஃபிள்ஸ் 1822ல் வகுத்த நகரத் திட்டம் தந்த நடைபாதை இது. தூண், நிழல், தூண், நிழல் என்று வரிசை தானாகவே கண்ணை உள்ளே இழுத்துச் செல்லும். யாராவது ஒருவர் அந்த வெளிச்சத்துக்குள் நடந்து வரும்வரை காத்திருங்கள். அவர் உயரத்தை வைத்துத்தான் தூணின் உயரம் நமக்குப் புரியும்.

இந்த ஆலயமும் பள்ளிவாசலும் சட்டப் பாதுகாப்பில் உள்ளன. நாம் குடியிருக்கும் புளோக்குக்கும் காலையில் தேநீர் குடிக்கும் கடைக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. பயிற்சி முடிந்து வீடு திரும்பியதும் உங்கள் புளோக்கைக் கொஞ்சம் தள்ளி நின்று ஒரு படம் எடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தாழ்வாரத்தில் அவர்களையும் நிற்க வையுங்கள்.